அணைஞ்சு நின்ற லாரி

போன மாதம் தீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள், கோர்ட் தட்டச்சர். சாட்சி பேசப் பேசக் கணினியே கேட்டு எழுதிக்கொள்கிற ஏற்பாடு ஒன்று வரப்போகிறதாம். "இனிமே நம்ம கைக்கு வேலை இல்லக்கா" என்றாள். சந்தோஷப்பட்டுச் சொன்னாளா பயந்து சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுதினதைச் சாட்சிக்கு யார் வாசித்துக் காட்டுவது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அது நாமதான்க்கா" என்றாள். அப்படியானால் பாதி வேலை அப்படியே இருக்கிறது, போய் ஒழுங்காகப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்குப் போனில் பொறுமையாகப் பேச வராது. அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் உடையார்பாளையம் பக்கத்துக்காரி. எங்கள் குடும்பத்துக்கு முந்திரிக்காடு உண்டு, கோர்ட்டுப் படி ஏறினவர் யாரும் கிடையாது. ஜெயங்கொண்டத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன், தேர்வு எழுதினேன், அரியலூரில் வேலை கிடைத்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "பொண்ணு ஜட்ஜுக்குப் பக்கத்துல உக்காருது" என்று பெருமை அடித்துக்கொள்வார். உட்கார்ந்தது உண்மைதான். அப்படி உட்காருகிறவள் வாயைத் திறக்கக் கூடாது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கோ வாய் சும்மா இருக்காது. வேலைக்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அரியலூர், பெரம்பலூர் என்று மாறி மாறி வேலை பார்த்ததில், நான் அதிகம் தட்டியது விபத்து வழக்குகளைத்தான். அரியலூர் பக்கம் என்றால் கல் லாரி. ஆலத்தியூர் மாதிரி சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர்களுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகளும், அதே ரோட்டில் சைக்கிளிலும் மொபெட்டிலும் போகிற சனங்களும். பெரம்பலூர் பக்கம் என்றால் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற நாற்கரச் சாலை. அங்கே குறுக்கே கடக்கிறவர் அடிபடுவார், இல்லாவிட்டால் நிற்கிற வண்டியில் போய் மோதுகிறவர் அடிபடுவார்.

ஒரு விபத்துக்கு இரண்டு வழக்கு நடக்கும். போலீஸ் போடுகிற வழக்கு, யாரைத் தண்டிப்பது என்பதற்கு. எங்களிடம் வருவது இழப்பீட்டு வழக்கு. தப்பு யார் மேல், அடிபட்டவருக்கு யார் பொறுப்பு என்பதுதான் அதில் கேள்வி. லாரி மேல் தப்பு என்றால் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். மோதினவர் மேலேயே தப்பு என்று ஆகிவிட்டால், போன கால் போனதுதான், வெறும் கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சாட்சி பேசுகிற தமிழ் வேறு, தாளில் ஏறுகிற தமிழ் வேறு. "வூட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தேங்க" என்பது "நான் வீட்டிற்கு வந்துகொண்டிருந்தேன்" ஆகிவிடும். வக்கீல் கேட்பார், சாட்சி பதில் சொல்வார், இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக நீதிபதி சொல்வார், நான் தட்டுவேன். நீ குடித்துவிட்டு ஓட்டினாய் என்று வக்கீல் சொல்லி, சாட்சி இல்லை என்றால், "நான் மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டினேன் என்று சொன்னால் சரியல்ல" என்று தாளில் வரும். எல்லாக் கோர்ட்டிலும் அதுதான் வழக்கம். ஆலத்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், இதை நான் வாசித்ததும் கூண்டிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். நான் குடிக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், நீங்கள் எதற்குக் குடித்தேன் என்று எழுதினீர்கள், கடைசியில் 'சரியல்ல' என்று ஒட்டுப்போட்டால் சரியாகிவிடுமா என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கோர்ட்டே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அந்த மனுஷன் கேட்டதில் தப்பே இல்லை.

எத்தனையோ நீதிபதிகளிடம் வேலை பார்த்தேன். இங்கே ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அய்யா என்றே நாங்கள் சொல்லுவோம். மெல்லிய குரல், அதட்டத் தெரியாது. சாட்சி சொன்னதை உதட்டுக்குள் ஒரு தடவை தானே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குச் சொல்வார். ஊன்றுகோலோடு யாராவது வந்திருக்கிறார்கள் என்று, வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற டவாலி சொன்னால், மாடியிலிருந்து இறங்கிக் கீழே இருக்கிற சின்ன அறைக்கு வந்துவிடுவார். வக்கீல்கள் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வருவார்கள். கால் இல்லாதவரை மாடி ஏறச் சொல்லிவிட்டு அவருடைய ஊனத்தை நாம் என்ன கேட்பது என்று ஒரு நாள் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

அவரோடு எனக்கு முதல் நாளே உரசல். சாட்சியம் முடிந்ததும் தட்டினதை வாசித்துக் காட்டி, சரி என்று கையெழுத்து வாங்க வேண்டும். நான் இருந்த இடத்திலிருந்தே கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்கிற வேகத்தில் கடகடவென்று வாசித்தேன். அய்யா கையைத் தூக்கி நிறுத்தினார். யாருக்கு வாசிக்கிறீங்க என்றார். கோர்ட்டுக்குத்தான் அய்யா என்றேன். "கோர்ட்டுக்குத் தெரியும்மா. சொன்னவங்களுக்கு வாசிங்க" என்றார். அன்றிலிருந்து நான் எழுந்து போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, சாட்சியின் முகத்தைப் பார்த்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரு தலையாட்டல் வாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டியதாயிற்று. மத்தியானச் சோறு தினமும் ஆறிப் போகும். மனசுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

செல்வராசு வழக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான்.

செல்வராசு செட்டிகுளத்துக்காரர். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வைத்து, ஊரில் விளைகிற சின்ன வெங்காயத்தைப் பெரம்பலூர் உழவர் சந்தைக்கு ஏற்றிப் போவார். ஒரு வெள்ளிக்கிழமை, இன்னும் வெளுக்காத விடியற்காலையில், சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு சரக்கு லாரியின் பின்னால் மோதிவிட்டார். வண்டியின் முன்பக்கம் நசுங்கி, வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. போலீஸ் வந்தபோது லாரி கொஞ்சம் தள்ளி இடது ஓரத்தில் நின்றது. வந்தவர்கள் கண்ணில் பட்டபடியே படம் வரைந்தார்கள். நான் ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தேன், பின்னால் விளக்கும் போட்டிருந்தேன், இவர்தான் தூக்கக் கலக்கத்தில் வந்து இடித்துவிட்டார் என்று லாரி டிரைவர் எழுதிக் கொடுத்தார். செல்வராசு மேலேயே வழக்குப் பதிவானது.

அவர் சாட்சி சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீழ் அறையில், நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தோம். சிறுவாச்சூருக்கு முன்னால் வருகிற ஆலத்தூர் கேட்டைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது, அடுத்து ஆஸ்பத்திரிதான் ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை என்றார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் திருச்சியிலிருந்து வருகிறவர், நல்ல கெட்டிக்காரர், குரலை உயர்த்தாமலே ஆளைக் கவிழ்த்துவிடுவார். நீங்கள் தூங்கிவிட்டதால்தான் விபத்து நடந்தது என்று சொல்கிறேன் என்றார். இந்த மாதிரிக் கேள்விக்கு யாராக இருந்தாலும் இல்லை என்பார்கள். நான் விரலை "சரியல்ல"வுக்குத் தயாராகவே வைத்திருந்தேன்.

"தெரியலீங்க" என்றார் செல்வராசு.

அவருடைய வக்கீல் பட்டென்று எழுந்தார். அய்யா அவரை உட்காரச் சொன்னார். செல்வராசுவுக்குப் பின்னால் பெஞ்சில் அவர் மனைவி மலர்க்கொடி உட்கார்ந்திருந்தார், மடியில் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பை. அந்தப் பதிலைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார், கடைசி வரைக்கும் நிமிரவே இல்லை. போலீஸ் சொன்னது போதாதென்று வீட்டிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் ராத்திரி நேரத்தோடு படு என்று மனைவி சொல்லியும் இவர் கேட்கவில்லையாம். அந்தம்மாவே ஒரு நாள் வராந்தாவில் என்னிடம் சொன்னார். அவர் சொல்லும்போது கோபமாக இல்லை, அலுத்துப் போயிருந்தார். ஒரு காலோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கோபப்படவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. பாவமாக இருந்தது.

ஆக, வழக்கு விளக்கில் வந்து நின்றது. லாரிக்குப் பின்னால் விளக்கு எரியவில்லை என்று யாராவது சொன்னால்தான் செல்வராசுவுக்கு வழி உண்டு. அவருடைய வக்கீல் அலைந்து திரிந்து ஒரு சாட்சியைக் கண்டுபிடித்தார். பெயர் அஞ்சலை. சிறுவாச்சூரில் நெடுஞ்சாலை ஓரமாகச் சின்னக் கடை வைத்திருந்தவர். எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, வண்டிக்கு முன்னால் கட்டுகிற சரம் விற்பார். காளி கோயிலுக்குக் கூட்டம் வருகிற திங்கள், வெள்ளி இரண்டு நாளும் விடிவதற்கு முன்னாலேயே கடை திறந்துவிடும். அவர் கடை லாரி நின்ற பக்கத்தில் இல்லை, சாலைக்கு எதிர்ப்பக்கம்.

அஞ்சலை வந்த அன்றும் கீழ் அறையில்தான் விசாரணை. அங்கே இருந்த கூண்டின் கட்டையைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் கை வைத்தார். யாரையும் பார்த்துப் பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் என்ன பார்த்தீர்கள் என்று வக்கீல் கேட்டார். "லாரி அணைஞ்சு நின்னுச்சுங்க. ஆட்டோ பின்னாடி வந்து இடிச்சிருச்சு" என்றார். வக்கீல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அய்யா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு எனக்குச் சொன்னார். "நான் பார்த்தபோது லாரி விளக்குகள் அணைந்த நிலையில் நின்றுகொண்டிருந்தது" என்று நான் தட்டினேன்.

திருச்சி வக்கீல் விளக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் அந்தம்மா இன்னும் அழுத்திச் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். இருட்டில் தெரியுமா என்றார். கிட்டக்கத்தான் இருந்தேன் என்றார் அஞ்சலை. செல்வராசு உங்களுக்குச் சொந்தமா என்றார். ஆட்டோவைப் போகவர பார்த்திருக்கிறேன், ஆளைத் தெரியாது என்றார். பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்று வழக்கம்போல முடித்தார். "சரியல்ல" என்று நானும் வழக்கம்போல முடித்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். பெயருக்குத் தலையாட்டினார், ஊருக்குத் தலையாட்டினார். லாரி வாக்கியத்தை வாசித்தேன். தலை ஆடவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி வாசித்தேன்.

"நான் லைட்ட பத்திச் சொல்லவே இல்லீங்களே" என்றார் அஞ்சலை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அந்த மண்ணிலேயே பிறந்தவள். சோளத்துக்கு மண் அணைக்கிறோம். ஏர் ஓட்டுகிறவரை வரப்பை அணைச்சு ஓட்டு என்கிறோம். பஸ்ஸை ஓரமாக அணைச்சு நிறுத்து என்று கண்டக்டர் கத்துகிறார். ஒட்டி நிற்பதும் அணைவதுதான், விளக்கு அவிவதும் அணைவதுதான். இரண்டு மாதமாக விளக்கு, விளக்கு என்றே பேசிக்கொண்டிருந்ததில் அய்யா காதிலும் சரி, வக்கீல்கள் காதிலும் சரி, என் காதிலும் சரி, விளக்குதான் விழுந்திருக்கிறது. அந்தம்மா சொன்னது, லாரி ஒட்டி நின்றது என்று.

செல்வராசுவின் வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. லாரி ஓரத்தை ஒட்டி நின்றது என்று அவர் கூட்டிவந்த சாட்சியே சொல்லிவிட்டால், டிரைவர் எழுதிக் கொடுத்ததுதான் உண்மை என்று ஆகிவிடும். திருச்சி வக்கீல் எழுந்து, சாட்சி தெளிவாகச் சொல்லிவிட்டார், அப்படியே திருத்திப் பதிவு செய்யலாம் என்றார். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. நாற்காலியில் செல்வராசு கைகளை ஊன்றுகோல் மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார். தனக்குக் கிடைத்த ஒரே சாட்சியும் கைவிட்டுப் போய்விட்டது என்பது அவருக்கும் புரிந்திருக்கும்.

அய்யா சாட்சி சொன்ன வார்த்தையை மறுபடி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அஞ்சலையிடம் திரும்பினார்.

"எதை அணைஞ்சு?" என்று கேட்டார்.

அஞ்சலை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அதுவரைக்கும் எந்தக் கேள்விக்கும் அவர் இப்படி நின்றதில்லை. செல்வராசு பக்கம் ஒரு தரம் பார்த்தார். அவர் பார்த்தது மடித்து ஊக்கு குத்தியிருந்த வேட்டியின் வலதுபக்கத்தை.

"நடுவுல செவுரு மாதிரி இருக்குல்லீங்க, அரளி வச்சிருக்காங்கள்ல, அத அணைஞ்சு" என்றார்.

நெடுஞ்சாலையின் நடுத் திட்டைத்தான் சொன்னார். அந்தத் திட்டை ஒட்டினாற்போல ஓடுவது வேகமாகப் போகிற வண்டிகளின் தடம். அங்கே எந்த வண்டியும் நிற்கக் கூடாது. விளக்குப் போட்டிருந்தாலும் கூடாது. அய்யா தட்டச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். இடது ஓரத்தில் ஏன் நிற்கவில்லை? வெள்ளிக்கிழமை என்பதால் கோயிலுக்கு வந்த வேன்கள் இடது பக்கம் வரிசையாக நின்றனவாம். அது மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி நிறுத்தினார். அய்யா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவரே சொன்னார். அந்தப் பக்கத்து டிரைவர்கள் சரம் வாங்க வேண்டுமென்றால் திட்டை ஒட்டி நிறுத்தி ஆரன் அடிப்பார்கள். இவர் தன் பக்கத்துச் சாலையைக் கடந்து, திட்டில் இருக்கிற இடைவெளி வழியாகப் போய், வண்டிக்கு முன்னால் கட்டிவிட்டு வருவார். அன்றைக்கும் அப்படித்தான் போனார். விபத்தே நேரக் கூடாது என்று எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இடி விழுந்தது.

பின்னால் விளக்கு எரிந்ததா என்று அய்யா கேட்டார். முன்விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தில்தான் கட்டினேன், பின்னால் நான் பார்க்கவில்லை என்றார். ஆமாம் எரியவில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல அந்தம்மாவுக்கு வாய் வரவில்லை. ஆட்டோவிலிருந்த வெங்காயம் எங்கே கொட்டிக் கிடந்தது என்று அய்யா கேட்டார். அரளித் தூரில் என்றார் அஞ்சலை. அப்படியானால் மோதினது திட்டுப் பக்கம்தான், லாரி இடது ஓரத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான். அதில் நாலஞ்சு அங்கேயே முளைத்துத் தாள் விட்டிருந்ததாம், மழை பெய்தபோது பார்த்தாராம். செட்டிகுளத்து வெங்காயம் லேசில் சாகாது என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அய்யா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

திருச்சி வக்கீல் மறுபடி குறுக்கு விசாரணை கேட்டார், அய்யா அனுமதித்தார். இந்தத் தடவை அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. லாரி அங்கே நின்றதே உங்களுக்காகத்தானே என்றார்.

"ஆமாங்க, எனக்காகத்தான் நின்னுச்சு."

அப்படியானால் விபத்துக்குக் காரணம் நீங்கள்தான் என்று சொல்லலாமா என்றார். அங்கே எல்லோரும் அந்தம்மாவின் வாயையே பார்த்தோம். இப்படிச் சொல்லிவிட்டு வெளியே போனால் அந்த இடத்தில் அவருக்குக் கடை இருக்காது. அது அவருக்கும் தெரியும்.

"சொல்லிக்கங்க சார். நான் கட்டப் போனதும் நெசந்தான். லாரி நடுவுல நின்னதும் நெசந்தான். அந்தப் புள்ள மேல மட்டும் போடாதீங்க" என்றார் அஞ்சலை.

அய்யா என்னிடம் திரும்பினார். பழைய வாக்கியத்தை அடிக்கச் சொன்னார். புதிதாக என்ன எழுதுவது என்று நான் காத்திருந்தேன். "அவங்க சொன்னத அப்படியே போடுங்கம்மா, 'அணைஞ்சு'ன்னே போடுங்க. கீழ விளக்கம் நான் சொல்றேன்" என்றார். என் வேலைக்காலத்தில் ஒரு சாட்சியின் பேச்சு வார்த்தை இலக்கணத் தமிழாக மாறாமல் தாளில் ஏறியது அன்றைக்குத்தான். மறுபடி கூண்டுக்குப் போய் முதலிலிருந்து வாசித்தேன். அஞ்சலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சோறு ஆறிப்போனதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

தீர்ப்பை நான்தான் தட்டினேன். இருட்டில், வேகத் தடத்தில் வண்டியை நிறுத்தியவர் அதன் பின்விளைவு முழுவதற்கும் பொறுப்பு, பின்விளக்கு எரிந்ததா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை என்று அய்யா எழுதியிருந்தார். பழி முழுக்க லாரி மேல். இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு போகவில்லை. சில மாதம் கழித்துத் திருச்சிக்கு பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், சிறுவாச்சூரில் திட்டில் இருந்த இடைவெளியைக் கான்கிரீட் கட்டை போட்டு அடைத்திருந்தார்கள். அஞ்சலையின் கடை அங்கே இல்லை. கோயிலுக்குப் போகிற தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்று டவாலி பிறகு சொன்னார். அங்கே லாரி வராது, கார்தான் வரும், அதுவும் அந்த இரண்டு நாளைக்குத்தான்.

தீபா, உன் கணினி "அணைஞ்சு" என்பதை அப்படியே எழுதிவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் செய்த தப்பை அது செய்யாமலும் போகலாம். ஆனால் நீ கூண்டுக்குப் பக்கத்தில் போய் நில். முகத்தைப் பார்த்து வாசி. தலை ஆடவில்லை என்றால் அடுத்த வரிக்குப் போகாதே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அது எந்தத் தாளிலும் இல்லை. அஞ்சலை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அன்று, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் வராந்தாவுக்கு வந்தேன். தூணுக்குப் பக்கத்தில் செல்வராசு ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றிருந்தார். அஞ்சலை அவரைத் தாண்டித் தலையைக் குனிந்துகொண்டே போகப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அக்கா, நான் தூங்கிட்டனாக்கா?" என்று கேட்டார் செல்வராசு.

இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள், அய்யா இருந்தார், நான் இருந்தேன். லாரி எங்கே நின்றது, விளக்கு எரிந்ததா, வெங்காயம் எங்கே கிடந்தது என்று எல்லாம் கேட்டோம். இவருக்கு வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை.

அஞ்சலை நின்றார். "நான் பாக்கலப்பா. முன்னாடி குனிஞ்சு கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். செல்வராசு சரி என்பது போலத் தலையாட்டினார். அஞ்சலை நகரவில்லை. "ஆனா சத்தம் கேட்டுச்சு. கிறீச்சுன்னு நீ பிரேக் புடிச்ச சத்தம். அதக் கேட்டுத்தான் நான் எகிறி அந்தாண்ட குதிச்சேன். அப்புறந்தான் இடிச்சுது. தூங்குனவன் எங்கேருந்துப்பா பிரேக் புடிப்பான்?" என்றார்.

செல்வராசு தூணில் சாய்ந்துகொண்டார். ஊன்றுகோல் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது, அவர் அதை எடுக்கவில்லை. பையை அணைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடியைக் கை காட்டினார்.

"அத இவகிட்ட ஒரு தடவ சொல்லுங்கக்கா" என்றார்.

அஞ்சலை படியில் இறங்கிப் போய் மலர்க்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்து முதலிலிருந்து சொன்னார். நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வாசித்ததைவிட மெதுவாகவே சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மலர்க்கொடி தலையாட்டும் வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.